ஈவ்ஷம் 1265: ஆள்பலத்துல ஜெயிச்சதா, லூயிஸ்ல வாங்குன அடியில ஜெயிச்சதா?

ஜூலை 22

இங்கிலாந்துல ஈவ்ஷம்ங்கிற ஊர்ல 1265-ல நடந்த போர் இது: ராஜாவை எதிர்த்து நின்ன பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்டை இளவரசன் எட்வர்ட் தோக்கடிச்சான். அதைப் பத்தி வந்த கேள்வி, கேட்டவர் எழுதின மாதிரியே போடுறேன்: "ஈவ்ஷம் ஈவ்ஷம்னு எல்லாரும் பெருசா பேசுறீங்க. எட்வர்ட்கிட்ட ஆள் அதிகம். சைமன் டி மான்ட்ஃபோர்ட் ஆத்து வளைவுக்குள்ள மாட்டிக்கிட்டாரு, சுத்தி நின்னு அடிச்சுக் கொன்னுட்டாங்க. இதுல தந்திரம் எங்க இருக்கு? இது போரே இல்ல, கொலை."

கொலைங்கிறது வரைக்கும் சரி. 700 வருஷம் முன்னாடியே க்ளாஸ்டர் ராபர்ட்னு ஒருத்தரு பாட்டாவே எழுதி வச்சுட்டாரு, ஈவ்ஷம்ல நடந்தது கொலை, போர்னு ஒண்ணும் நடக்கலன்னு. ஆனா "ஆள் அதிகம், அதனால ஜெயிச்சான்"ங்கிற இடத்துலதான் எனக்கு ஒத்துக்க முடியல. ஏன்னா அதுக்கு முந்தின வருஷம், 1264 மே 14, லூயிஸ்ங்கிற ஊர்ல நடந்த போர்ல அரசர் பக்கம்தான் ஆள் அதிகம். அங்க தோத்தது யாரு? இதே எட்வர்ட், அவன் அப்பா ராஜா மூணாம் ஹென்றி, சித்தப்பா ரிச்சர்ட், மூணு பேருமே. அப்போ ஆள் எண்ணிக்கை எங்க போச்சு?

ஈவ்ஷம்ல ஆள் கூட இருந்தது எப்படின்னுதான் கேக்கணும். மே 28-ஆம் தேதி வரைக்கும் எட்வர்ட் மான்ட்ஃபோர்ட்கிட்ட ஒரு கைதி, தம்பி. ஆகஸ்ட் 4 போர். நடுவுல பத்து வாரம் கூட இல்ல.

ஜூலை 22, ராத்திரி

கதை தெரியாம வந்தவங்களுக்குச் சுருக்கமா. மூணாம் ஹென்றி பணத்தைக் கண்டபடி செலவு பண்ணாரு, வெளிநாட்டுச் சொந்தக்காரங்களுக்கு நிலமும் பதவியும் அள்ளிக் குடுத்தாரு. பிரபுக்கள் எல்லாம் சேர்ந்து 1258-ல ஆக்ஸ்ஃபோர்டுல வச்சு அவர் கையைக் கட்டிப் போடுற மாதிரி ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க, அதாவது ஒரு கவுன்சில் இருக்கும், அதைக் கேக்காம ராஜா ஒண்ணும் பண்ண முடியாது. ராஜா ஒத்துக்கிட்டாரு, அப்புறம் ஒத்துக்கலன்னாரு, போப்கிட்ட போனாரு, பிரான்ஸ் ராஜா ஒம்பதாம் லூயிகிட்ட பஞ்சாயத்துக்குப் போனாங்க, 1264 ஜனவரியில அவரு மொத்தமும் செல்லாதுன்னுட்டாரு. ஒரு ராஜாகிட்ட போய் இன்னொரு ராஜாவோட கையைக் கட்டலாமான்னு கேட்டா வேற என்ன சொல்லுவாரு. அப்புறம் சண்டைதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, "வெளிநாட்டுக்காரன் வேணாம்"னு கூட்டம் சேர்த்த சைமன் டி மான்ட்ஃபோர்ட் பிறந்ததே பிரான்ஸ்ல. ராஜாவோட தங்கச்சி எலினாரைக் கட்டினவரு. அதாவது இந்த உள்நாட்டுப் போர் மொத்தமும் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடந்த சண்டை. எட்வர்டுக்கு அவரு சொந்த அத்தை புருஷன். சின்ன வயசுல எட்வர்ட் அவரை மானசீகமாக் கும்பிட்ட காலமும் உண்டு, 1259 வாக்குல கொஞ்ச நாள் அவர் பக்கமே சாஞ்சிருந்தான்.

ஜூலை 23

லூயிஸை விரிச்சு எழுதாம ஈவ்ஷம் புரியாது, அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

மான்ட்ஃபோர்ட் ராத்திரியோட ராத்திரியா நடந்து லூயிஸ் ஊருக்கு மேல இருக்கிற மேட்டைப் பிடிச்சுட்டாரு. விடியும்போது அரசர் ஆளுங்க கீழ, இவங்க மேல. ஆளுங்க எல்லாரும் உடுப்பு மேல வெள்ளைச் சிலுவை தைச்சிருந்தாங்க, யாரு நம்ம ஆளுன்னு குழப்பம் வராம இருக்க, கூடவே இது புனிதப் போர்னு காட்டவும்தான். அவரோட இடது பக்கம் லண்டன்காரங்க நின்னாங்க, பயிற்சி இல்லாத ஜனங்க. எட்வர்ட் குதிரைப்படையோட நேரா அவங்க மேலதான் பாஞ்சான். முந்தின வருஷம் லண்டன் பாலத்து மேல நின்னு அவங்கம்மா வந்த படகு மேல கல்லையும் சேத்தையும் எறிஞ்சவங்க இவங்க. அவங்க ஓட, இவன் விரட்ட, மைல் கணக்குல விரட்டிக்கிட்டே போயிட்டான். கோவம் தீந்து திரும்பி வந்தா அங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்பா மடத்துக்குள்ள, சித்தப்பா ரிச்சர்ட் ஒரு காத்தாலை மில்லுக்குள்ள ஒளிஞ்சு மாட்டிக்கிட்டாரு, வெளிய நின்னவங்க "இறங்கி வாடா மில்லுக்காரா"ன்னு கூவுனதா எழுதி வச்சிருக்காங்க. அந்த ரிச்சர்ட் ஜெர்மனிக்கு ராஜான்னு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுங்கிறதையும் சேர்த்துக்கோங்க.

இன்னொரு கூத்து. மான்ட்ஃபோர்டுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கால் உடைஞ்சிருந்துச்சு, ஒரு வண்டியிலதான் போயிட்டு வந்துட்டிருந்தாரு. அந்த வண்டியை மேட்டுல கொடியோட நிறுத்தி வச்சிருந்தாரு. அரசர் ஆளுங்க ஒரு பிரிவு உள்ள அவருதான் இருக்காருன்னு நெனச்சு அதைத் தாக்குனாங்க. உள்ள இருந்தது அவரு பிடிச்சு அடைச்சு வச்சிருந்த லண்டன் ஆளுங்க, அவருக்கு எதிரானவங்க. சொந்தக் கட்சிக்காரங்களையே கொன்னுட்டாங்க.

ராத்திரி நடை, மேடு, சிலுவை. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஈவ்ஷம்ல அப்படியே திரும்ப வரும்.

ஜூலை 25

"மான்ட்ஃபோர்ட் ஜனநாயகத்தோட தந்தை, அவரைப் போய் தளபதி மாதிரி மட்டும் பேசுறீங்களே"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. 1265 ஜனவரியில அவரு கூட்டின பார்லிமென்ட்டுக்கு ஒவ்வொரு கவுன்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) இருந்தும் நைட்ஸ் (பட்டம் பெற்ற குதிரை வீரங்க), கூடவே ஊருங்கள்ல இருந்து பிரதிநிதிகள், அதெல்லாம் உண்மைதான். அதை யாரும் மறுக்கல. ஆனா அப்போ பிரபுக்கள்ல ரொம்பப் பேரு அவர் பக்கம் இல்ல, அதையும் பாக்கணும்க்கா. பெரிய ஆளுங்க கைவிட்டா சின்ன ஆளுங்களைக் கூப்பிடுறது அரசியல்ல எப்பவும் நடக்குறதுதான். அதனால அது பொய்யாயிடாது, ஆனா கோயில் கட்டவும் வேணாம்.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விடுறவங்க மேல எனக்குக் கோவமே வரும். 1231-ல லெஸ்டர் ஊர்ல இருந்து யூதர்களை மொத்தமா வெளியேத்துனவரு இதே மான்ட்ஃபோர்ட். 1264-ல அவரு ஆளுங்க லண்டன்ல யூதர்களைக் கொன்னாங்க, மத்த ஊர்லயும் நடந்துச்சு. கடன் பத்திரங்களைப் பிடுங்கி எரிக்கிறது அவங்க கட்சிக்கு ஆள் சேர்க்குற வழிகள்ல ஒண்ணு, ஏன்னா அவரு பின்னாடி நின்ன நைட்ஸ்ல நிறையப் பேரு கடன்ல இருந்தவங்க. பார்லிமென்ட் பத்திப் பேசுற அதே மூச்சுல இதையும் பேசணும். எதிர்ப்பக்கம் நின்ன எட்வர்டும் இதுல உத்தமன் இல்ல, 1290-ல நாட்டை விட்டே அவங்களைத் துரத்துனது அவன்தான்.

ஜூலை 25, கொஞ்ச நேரம் கழிச்சு

சரி பத்து வாரம்.

லூயிஸ் முடிஞ்சதும் மான்ட்ஃபோர்ட் ரெண்டு காரியம் பண்ணாரு. எட்வர்டைப் பிணையா வச்சுக்கிட்டாரு, அது சரி. ரோஜர் மார்ட்டிமர் மாதிரி வேல்ஸ் எல்லைப் பிரபுக்களை விட்டுட்டாரு, எல்லையைக் காக்க ஆள் வேணும்னு. இதுதான் அவரு கழுத்துல ஏறுன முதல் கயிறு.

ரெண்டாவது கயிறு வீட்டுக்குள்ளயே. பிடிச்ச கோட்டை, பணயத்தொகை, பதவி எல்லாம் பையன்கள் பக்கமே போச்சு. லூயிஸ்ல கூட நின்னு ஜெயிச்சுக் குடுத்த க்ளாஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர், அப்போ 21 வயசு, செம கோவக்காரப் பையன், தலைமுடி செம்பட்டைங்கிறதால அதையே பட்டப்பேரா வச்சிருந்தாங்க. 1265 ஆரம்பத்துல டன்ஸ்டபிள்ல மான்ட்ஃபோர்ட் பையன்களும் இவனும் மோத வேண்டிய ஒரு டோர்னமென்ட்டை (குதிரை வீரங்க போட்டிச் சண்டை) விபரீதம் ஆயிடும்னு நிறுத்த வேண்டி வந்துச்சுன்னா உறவு எந்த அழகுல இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க. கொஞ்ச நாள்ல அவன் கட்சி மாறிட்டான்.

மே 28, ஹெர்ஃபோர்ட் ஊருக்கு வெளிய எட்வர்ட் காவலாளிங்களோட குதிரை ஓட்டிப் பாக்குறேன்னு சொல்லிக் கிளம்புறான். ஒவ்வொரு குதிரையா ஏறி களைச்சுப் போற வரைக்கும் ஓட்டுறான், எது நல்ல குதிரைன்னு பாக்குற மாதிரி. கடைசியா ஓடாம வச்சிருந்த ஒண்ணு மேல ஏறுறான், போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். தொரத்தணும்னா குதிரைங்க எல்லாம் நுரை தள்ளி நிக்குது. கூடவே இருந்த தாமஸ் டி கிளேர், அந்தக் கில்பர்ட்டோட தம்பி, இதுக்கு உடந்தை. நேரா மார்ட்டிமரோட விக்மோர் கோட்டை. லட்லோவுல கில்பர்ட்டைப் பாத்து, பழைய நல்ல சட்டங்களைக் காப்பாத்துறேன், வெளிநாட்டுக்காரங்களைத் தள்ளி வைக்கிறேன்னு சத்தியம் பண்றான். மான்ட்ஃபோர்ட் கட்சியோட கோஷத்தையே எடுத்துக்கிட்டான் பாருங்க.

ஜூலை 27

செவர்ன் ஆறுதான் இந்தப் போரோட முதுகெலும்பு. மான்ட்ஃபோர்ட் ஆத்துக்கு மேற்க, வேல்ஸ் பக்கம். அவரு ஆதரவு மொத்தமும் கிழக்க, லண்டன், மிட்லேண்ட்ஸ் (நடு இங்கிலாந்து), கெனில்வர்த் கோட்டை. எட்வர்ட் என்ன பண்ணான், வூஸ்டரைப் பிடிச்சான், க்ளாஸ்டரைப் பிடிச்சான், பாலங்களை உடைச்சான், படகுகளை அழிச்சான், இறங்கிக் கடக்குற இடங்களையும் ஆழமாத் தோண்டினதா சொல்றாங்க. மான்ட்ஃபோர்ட் வேல்ஸ் இளவரசர் லுவெலின்கூட ஒப்பந்தம் போட்டு காலாட்களை வாங்கினாரு, தெற்க நியூபோர்ட்டுக்குப் போய் கப்பல்ல பிரிஸ்டல் போயிடலாம்னு பாத்தாரு. அங்க கில்பர்ட்டோட கப்பல்கள் வந்து அந்தப் படகுகளை நாசம் பண்ணிடுச்சு. மறுபடி மலை வழியா ஹெர்ஃபோர்டுக்கு. அந்த நடையில ரொட்டி கிடைக்காம பாலும் ஆட்டுக்கறியும் மட்டும் தின்னு அவரு ஆளுங்க வாடிப் போனதா எழுதியிருக்காங்க. நமக்கு அது விருந்து மாதிரி தெரியும், ரொட்டி இல்லாம இருந்து பழகாத ஆளுக்கு அது பட்டினி.

இந்த மொத்த வேலையிலயும் ஒரு பெரிய சண்டை கூட இல்ல. லூயிஸ்ல கோவத்துல தொரத்திக்கிட்டு ஓடுன அதே பையன், 26 வயசு, இப்போ ஆத்தங்கரையில உக்காந்து காத்துக்கிட்டிருக்கான். எனக்கு இந்த இடம்தான் மொத்தக் கதையிலயும் பிடிச்சது.

ஜூலை 30

"சின்ன சைமன்" பத்தி யாருமே எழுதலையேன்னு கேட்டிருக்காங்க. எழுதினா வயித்தெரிச்சல்தான். மான்ட்ஃபோர்டோட ரெண்டாவது பையன். அப்பன் கூப்பிட்டு விட்டும் சசெக்ஸ்ல ஒரு கோட்டை முற்றுகையை விட்டுக் கிளம்பி, லண்டன் போயி, வின்செஸ்டரைக் கொள்ளையடிச்சு, ஆக்ஸ்ஃபோர்ட், நார்தாம்ப்டன்னு ஊர் சுத்திட்டு ஜூலை 31-ல கெனில்வர்த் வந்து சேர்றான். சரி வந்தாச்சு, கோட்டைக்குள்ள படுக்கலாம்ல? கெனில்வர்த் கோட்டையைச் சுத்தி ஏரி மாதிரி தண்ணி, இங்கிலாந்துலயே உடைக்க முடியாத கோட்டைகள்ல ஒண்ணு. ஆளுங்களோட ஊருக்குள்ள போய் படுத்தான், குளிக்க வசதியா இருக்கும்னு.

எட்வர்ட் வூஸ்டர்ல இருந்து சாயங்காலம் கிளம்பி, முதல்ல வேற பக்கம் போற மாதிரி போக்குக் காட்டி, ராத்திரி முழுக்க 50 கிலோமீட்டருக்கு மேல குதிரையில வந்து விடியக்காலம் விழுந்தான். ஆம்பளை வேஷத்துல போன மார்கோத்னு ஒரு பொம்பளை ஒற்று சொல்லித்தான் இந்தச் சேதி கிடைச்சதுன்னு ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு உட்பட கொத்தாப் பிடிச்சாங்க. சின்ன சைமன் துணி கூட சரியா இல்லாம படகுல ஏறி கோட்டைக்குள்ள தப்பிச்சான். குதிரை, கவசம், அப்புறம் முக்கியமா கொடிகள், எல்லாம் எட்வர்ட் கையில.

அந்தக் கொடிகள்தான் ரெண்டு நாள்ல வேலை செஞ்சுச்சு.

ஆகஸ்ட் 2

கெனில்வர்த்ல சண்டை நடந்த அதே ஆகஸ்ட் 2-ல, எட்வர்ட் கவனம் அந்தப் பக்கம் இருந்தப்ப, மான்ட்ஃபோர்ட் வூஸ்டருக்குத் தெக்க கெம்ப்ஸிங்கிற இடத்துல செவர்னைக் கடந்துட்டாரு. அந்தப் பத்து வாரத்துல அவருக்குக் கிடைச்ச ஒரே நல்ல சேதி. பையன் கெனில்வர்த்ல மாட்டுனது அவருக்குத் தெரியாது. பையனோட சேர்ந்துடலாம்னு 3-ஆம் தேதி ராத்திரி ஈவ்ஷம் நோக்கி நடக்குறாரு. ஈவ்ஷம் ஊரை ஏவன் ஆறு மூணு பக்கமும் சுத்தி ஓடும், வடக்க மட்டும்தான் தரை, அங்க கிரீன் ஹில்னு ஒரு மேடு. கிழக்க பெங்வொர்த் பக்கம் ஒரு பாலம். அவ்ளோதான் வாசல்.

அங்க ஏன் போய் நின்னாருங்கிறதுதான் எல்லாரும் கேக்குறது. தங்கப் போகல. கொஞ்ச நேரம் நின்னு, ராஜாவுக்கு மாஸ் (கோயில் பூசை) கேக்கணும், ஏதாவது சாப்பிடணும், கிளம்பணும். லூயிஸ்ல இருந்தே கைதியா கூட வந்த மச்சான், ராஜா ஹென்றிக்குப் பசி. அதே நேரம் சின்ன சைமன், மிச்சம் இருந்த ஆளுங்களோட, வடக்க 16 கிலோமீட்டர் தள்ளி ஆல்செஸ்டர்ல நின்னு சாப்பிட்டுட்டிருந்தான்னு சொல்றாங்க. அப்பனும் மகனும் ஆளுக்கொரு ஊர்ல காலைச் சாப்பாட்டுக்கு நின்ன நேரத்துல இங்கிலாந்து அரசியல் முடிஞ்சு போச்சு.

ஆகஸ்ட் 4

இன்னைக்குத் தேதிக்குன்னே காத்திருந்தேன்.

விடியக்காலம் வடக்க இருந்து கொடிகள் வருது. மான்ட்ஃபோர்டோட முடிதிருத்துற ஆளு, நிக்கோலஸ்னு பேரு, கொடிச் சின்னங்கள்ல கில்லாடி, பாத்துட்டு "நம்ம தம்பி வந்துட்டாரு"ங்கிறான். கெனில்வர்த்ல பிடிச்ச கொடிகள். அவரு ஒரு தடவை மேல ஏறிப் பாருன்னு மடத்துக் கோபுரத்துக்கு அனுப்புறாரு. மேல போய்ப் பாத்தா பின்னாடி எட்வர்ட், கிளேர், மார்ட்டிமர் கொடிங்க. அவன் எறங்கி வந்து சொன்னதும் மான்ட்ஃபோர்ட் அவங்க வர்ற ஒழுங்கைப் பாத்து சொன்னதா ஒரு வாசகம் இருக்கு: எவ்வளவு அழகா வர்றாங்க, இது அவங்களா கத்துக்கிட்டது இல்ல, என்கிட்ட இருந்து கத்துக்கிட்டது.

என் பதில் மொத்தமும் அந்த வாசகத்துலயே இருக்கு தம்பி. எட்வர்ட் ஆளுங்க ராத்திரியே கிளம்பி வந்து விடியும்போது மேட்டைப் பிடிச்சுட்டாங்க. கை மேல சிவப்புச் சிலுவை கட்டியிருந்தாங்க, யாரு நம்ம ஆளுன்னு தெரிய. லூயிஸ்ல இவரு போட்ட மூணு கணக்கும் அப்படியே இவருக்கு எதிரா. மூணு ராத்திரியில ரெண்டு ராத்திரி நடந்த படை அது, அதையும் சேர்த்துக்கோங்க.

அப்புறம் சொன்னது இன்னும் தெரிஞ்ச வாசகம்: நம்ம ஆத்மாவை ஆண்டவன் பாத்துக்கட்டும், உடம்பு அவங்களுது.

ஆகஸ்ட் 4, ராத்திரி

"ஏன் ஓடல?" ஓடச் சொன்னாங்க. கோயிலுக்குள்ள புகுந்துக்கலாம்னும் சொன்னாங்க. கோயில் சாமியாருக்கு, களம் வீரனுக்குன்னுட்டாரு. மூத்த பையன் ஹென்றியை நீ போன்னாரு, அவன் போகல. வூஸ்டர் பிஷப் வால்டர் கான்டிலூப் எல்லாருக்கும் பாவமன்னிப்பு குடுத்தாரு, அதாவது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. கிளம்பும்போது மடத்து வாசல்ல இடிச்சு கொடிக்கம்பு உடைஞ்சதா ஒரு குறிப்பு. அதுக்கு மேல வானம் இருட்டி இடி மின்னலோட மழை.

மேட்டு மேல நிக்கிற படையை ஒரே ஆப்பு மாதிரி நடுவுல கிழிச்சுட்டுப் போயிடலாம்னு ஏறுனாங்க. முதல் மோதல்ல எட்வர்ட் பக்கம் உண்மையிலேயே கொஞ்சம் பின்வாங்குச்சு. வாரின் ஆஃப் பாஸிங்போர்ன்னு ஒருத்தரு "லூயிஸை மறந்துட்டீங்களாடா"ங்கிற மாதிரி கத்தித்தான் திரும்ப நின்னாங்கன்னு எழுதியிருக்கு. அதனால "போரே இல்ல"ங்கிறதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ஆரம்பம் போர்தான். ரெண்டு பக்கமும் மூடுன பிறகுதான் கொலை. வேல்ஸ் காலாட்கள் முதல்லயே ஓடிட்டாங்க, ஊர்த் தோட்டங்கள்லயும் ஆத்தங்கரையிலயும் வெட்டிச் சாய்ச்சாங்க. மடத்துக் கோயிலுக்குள்ள ஒளிஞ்சவங்களையும் விடல.

ஆகஸ்ட் 6

நேத்து பூரா எனக்கு மண்டையில ஓடுனது ராஜா விஷயம். மூணாம் ஹென்றிக்கு அடையாளம் தெரியாத மாதிரி யாரோட கவசத்தையோ மாட்டி மான்ட்ஃபோர்ட் தன்கூடவே களத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. சொந்தப் பையனோட படையே அவரைத் தோள்ல வெட்டிடுச்சு. "நான் வின்செஸ்டர் ஹென்றி, உங்க ராஜா, என்னைக் கொன்னுடாதீங்க"ன்னு கத்துறாரு. ரோஜர் லேபோர்ன் வந்து இழுத்துட்டுப் போனாரு. 57 வயசுக் கிழவர்.

மான்ட்ஃபோர்ட் எதுக்கு அப்படிப் பண்ணாருன்னு ரெண்டு விதமா யோசிச்சுட்டேன். விட்டுட்டுப் போனா கைதி பறிபோயிடும், கையில ராஜா இருக்கிற வரைக்கும்தான் இவரு ஆட்சி சட்டப்படி ஆட்சி, இது முதல் காரணம். ஆனா அடையாளம் தெரியாத கவசம்? ராஜாவோட சின்னம் தெரிஞ்சிருந்தா எதிரி ஆளுங்க அடிக்கத் தயங்கியிருப்பாங்க, அது இவருக்குத்தானே லாபம்? செத்தா சாகட்டும், மகன் படை அப்பனைக் கொன்னதா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரோன்னு ஒரு சந்தேகம் வருது. நிரூபிக்க முடியாது. ஆனா அந்த மனுஷனோட கசப்பை நெனச்சா நடக்காததும் இல்ல.

ஆகஸ்ட் 7

ஒருத்தர் திருத்தம் போட்டிருக்காரு: மார்ட்டிமர் பெங்வொர்த் பாலத்தை அடைச்சுட்டு நின்னாருன்னு படிச்சிருக்கேன், அப்போ மான்ட்ஃபோர்டைக் கொன்னது மார்ட்டிமர்னு எப்படிச் சொல்றாங்கன்னு. நல்ல கேள்வி. பாலத்தை அடைச்ச கதை பழைய விவரிப்புகள்ல வர்றது, இன்னைக்கும் நிறைய மேப்ல அப்படித்தான் போட்டிருப்பாங்க. கொன்ன கதை, லண்டன்ல காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ல (குடும்பச் சின்னங்களைப் பதிவு பண்ற இடம்) இருந்த ஒரு சுருள்ல கிடைச்ச விவரணை, 2000-ல அச்சுல வந்துச்சு. அதுல எட்வர்ட் 12 முரட்டு ஆளுங்களைத் தனியாப் பொறுக்கி, உங்க வேலை வேற ஒண்ணும் இல்ல, மான்ட்ஃபோர்டைத் தேடிக் கொல்றதுதான்னு அனுப்புனதும், மார்ட்டிமரோட ஈட்டி கழுத்துல பாஞ்சதும் வருது. ரெண்டையும் சேர்க்கணும்னா மார்ட்டிமர் ஆளுங்க கொஞ்சப் பேரு பாலத்துல, அவரு களத்துலன்னு வச்சுக்கலாம். நான் ரெண்டாவதைத்தான் நம்புறேன், ஏன்னா அதை எழுதினவனுக்கு களத்துல யாரு எங்க நின்னாங்கன்னு சின்னச் சின்ன விஷயம் எல்லாம் தெரிஞ்சிருக்கு.

அந்த 12 பேருதான் இந்தப் போரை மத்ததுல இருந்து பிரிக்குது. அந்தக் காலத்துல நைட்ஸைக் கொல்ல மாட்டாங்க, பிடிச்சு பணயத்தொகை வாங்குவாங்க, அது ஒரு பிசினஸ். லூயிஸ்ல செத்த நைட்ஸ் ரொம்பக் கம்மி. ஈவ்ஷம்ல மான்ட்ஃபோர்ட் பக்கம் சுமார் 30 நைட்ஸ் காலி. ஹென்றி டி மான்ட்ஃபோர்ட், தலைமை நீதிபதி ஹியூ டெஸ்பென்சர், பீட்டர் டி மான்ட்ஃபோர்ட் எல்லாரும். மான்ட்ஃபோர்ட் உடம்பை என்ன பண்ணாங்கன்னு எழுத எனக்கே கை வரல, தலை கை கால் எல்லாம் வெட்டி, தலையை விக்மோர்ல இருந்த மார்ட்டிமரோட சம்சாரத்துக்கு, மாட்னு பேரு, பரிசா அனுப்பி வச்சாங்க.

ஆகஸ்ட் 12

போய்ப் பாத்திருக்கீங்களான்னு கேட்டவங்களுக்கு: வேலை அந்தப் பக்கம் இருந்த காலத்துல அடிக்கடி போயிருக்கேன். போர்க்களம்னு ஒரு மைதானத்தை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துருவீங்க. கிரீன் ஹில் இப்போ வீடும் தோட்டமும், தனியார் நிலம் நிறைய. ஊர்ல இருந்து அந்த ரோட்டுல மேல நடந்தா ஒண்ணு மட்டும் புரியும், பாக்க மேடே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா நடக்க நடக்க முழங்கால் சொல்லும். கவசத்தோட, மழையில, மேல இருந்து ஆள் இறங்கி வரும்போது ஏறணும்னா?

கீழ ஏபி பார்க்ல மான்ட்ஃபோர்ட் நினைவுக்கல் இருக்கு, 1965-ல வச்சது, அவரு பிறந்த மான்ட்ஃபோர்ட் லமோரி ஊர்ல இருந்து வந்த கல்லும் சேர்த்து. பக்கத்துல நிக்கிற மணிக்கோபுரத்தைப் பாத்து "இங்கதான் நிக்கோலஸ் ஏறுனான்"னு போட்டோ போடாதீங்க, அது 16-ஆம் நூற்றாண்டுக் கோபுரம். மடம் 1540-ல போயிடுச்சு.

ஆகஸ்ட்ல திருவிழா மாதிரி போரை நடிச்சுக் காட்டுவாங்க. நான் பாத்த வருஷம் நல்ல வெயில், சங்கிலிக் கவசம் போட்ட ஒரு மான்ட்ஃபோர்ட் ஆளு செத்து விழுந்த இடத்துல நிழல் இல்லைன்னு எழுந்து நாலடி தள்ளிப் போய் மரத்தடியில மறுபடி செத்தாரு.

ஆகஸ்ட் 19

போர் முடிஞ்சதும் மான்ட்ஃபோர்ட் புனிதர் ஆயிட்டாரு. ஜனங்க ஆக்கினாங்க, சர்ச் இல்ல. மடத்துல சன்னியாசிங்க மிச்ச உடம்பைப் புதைச்சாங்க, அவரு சர்ச்சால விலக்கப்பட்டவருன்னு சொல்லி அப்புறம் தோண்டி வேற இடத்துக்கு மாத்துனாங்க. ஆனா ஜனம் நிக்கல. அவரு விழுந்த இடத்து ஊத்துத் தண்ணிய எடுத்துட்டுப் போனாங்க, நோயாளியை நூலால அளந்து அந்த நீளத்துக்குத் திரி போட்டு மெழுகுவத்தி நேர்ந்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட 200 அற்புதங்களைப் பட்டியல் போட்டு வச்சிருக்காங்க மடத்துல. ஜான் டி வெஸ்ஸின்னு ஒரு விசுவாசி அவரோட ஒரு பாதத்தை வடக்க ஆல்ன்விக் மடத்துக்குக் கொண்டு போய், அதுக்கு வெள்ளியில ஒரு காலணி செஞ்சு போட்டு வச்சாங்க. 1266-ல அரசாங்கம் அவரை யாரும் புனிதருன்னு சொல்லக்கூடாதுன்னு உத்தரவே போட்டுச்சு. அப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டுச்சுன்னா எவ்வளவு பேரு சொல்லிட்டிருந்திருப்பாங்க.

ஆகஸ்ட் 20

"அப்போ போர் எதையும் தீர்மானிக்கலையே, சண்டை 1267 வரைக்கும் நடந்துச்சே"ன்னு முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்காரு. சண்டை நடந்தது உண்மை. காரணம் போர் இல்ல, பேராசை. செப்டம்பர்ல வின்செஸ்டர்ல வச்சு எதிர்க்கட்சி ஆளுங்க நிலம் மொத்தத்தையும் பறிமுதல் பண்ணி ஜெயிச்சவங்களுக்குப் பங்கு போட்டாங்க. இழக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு சரணடையணும்? கெனில்வர்த் கோட்டை 1266 டிசம்பர் வரைக்கும் நின்னுச்சு, கடைசியில பசியும் நோயும்தான் கதவைத் திறந்துச்சு. நடுவுலயே புத்தி வந்து, பெரும்பாலானவங்க நிலத்தோட வருஷ வருமானத்துல அஞ்சு மடங்கு வரைக்கும் கட்டிட்டு திரும்ப வாங்கிக்கோன்னு ஒரு ஏற்பாடு போட்டாங்க, அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா அடங்குனாங்க.

ஆனா ஆகஸ்ட் 4-க்கு அப்புறம் ராஜாவை கவுன்சில் ஆளுற நிலைமை திரும்பல. அதுதான் தீர்மானம். மறுபக்கம், 1295-ல எட்வர்ட் ராஜாவா கூட்டின பார்லிமென்ட்டுக்கு அவனே நைட்ஸையும் ஊர்ப் பிரதிநிதிகளையும் கூப்பிட்டான். மாமன்கிட்ட கத்துக்கிட்டது போர் மட்டும் இல்ல போல.

ஆகஸ்ட் 20, இன்னொண்ணு

பீட்லிங் மேக்னா. லெஸ்டர்ஷையர்ல ஒரு சின்ன கிராமம். போர் முடிஞ்சு சில நாள்ல அரசர் பக்கத்து அதிகாரி பீட்டர் டி நெவில் ஆளுங்க வண்டியோட அந்த வழியா வர்றாங்க. ஊர் ஜனம் வண்டியை மறிச்சு, நீங்க நாட்டு மக்களோட நன்மைக்கும் பிரபுக்களுக்கும் எதிரா நடக்குறீங்கன்னு சண்டைக்குப் போயிட்டாங்க. விவசாயிங்க. அப்புறம் 20 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) அபராதம், அது வரைக்கும் பிணையா ஊர்க்காரங்க அஞ்சு பேரு, வழக்கு கோர்ட்டுக்குப் போனதாலதான் இது நமக்குத் தெரியுது. பிரபுக்கள் சண்டை, கீழ இருக்கிறவனுக்கு என்னன்னு இங்க ரெண்டு பேரு எழுதியிருந்தீங்க, அவங்க இதைப் படிக்கணும்.

செப்டம்பர் 3

மான்ட்ஃபோர்ட் பையன்கள் என்ன ஆனாங்கன்னு கேட்டதுக்கு இது. ஈவ்ஷம்ல காயத்தோட பிடிபட்ட இன்னொரு பையன், "கை"ன்னு பேரு, தப்பிச்சு இத்தாலி போயி அங்க சிசிலி ராஜா அஞ்சூ சார்ல்ஸ்கிட்ட பெரிய பதவிக்கு வந்தான். சின்ன சைமனும் அங்க போய்ச் சேர்ந்தான். 1271 மார்ச்ல விட்டர்போ ஊர்ல கோயிலுக்குள்ள மாஸ் கேட்டுட்டிருந்த ஹென்றி ஆஃப் அல்மைனை, காத்தாலையில மாட்டுன ரிச்சர்ட்டோட மகன், சொந்த மாமன் மகன், ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னாங்க. என் அப்பனுக்கும் அண்ணனுக்கும் நீங்க காட்டாத இரக்கம் உனக்கெதுக்குன்னு கேட்டானாம் கை. அந்த ஹென்றி ஈவ்ஷம் களத்துல இல்லவே இல்ல. இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தைப் பத்தின தன் காவியத்துல, கை டி மான்ட்ஃபோர்டை ரத்த ஆத்துக்குள்ள நிறுத்தி வச்சிருக்காரு. சின்ன சைமன் அதே வருஷம் சியெனா பக்கம் செத்துட்டான், கை பல வருஷம் கழிச்சு சிசிலியில ஒரு ஜெயில்ல.